மூன்றாவது தடவையில் பாஸ்

திண்டிவனத்தில் மரக்காணம் சாலைப் பக்கம், ஓர் உரக்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளை எங்கள் முதலாளி 'ஆர் அண்ட் டி சென்டர்' என்று அழைப்பார். யூரியா வாசனை எங்களுக்கு முன்னால் படியேறி வந்து உட்கார்ந்திருக்கும். நான்கு வருடம் அங்கே வேலை பார்த்தேன். விழுப்புரத்திலிருந்து காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அந்த நான்கு வருடத்தில் எனக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. அவர்கள் செய்வதைப் பார்த்து, எதையெல்லாம் செய்யக்கூடாது என்று நானே தெரிந்துகொண்டதுதான் மிச்சம்.

நாங்கள் தயாரித்தது ஒரு பெட்டி. வயல் கொல்லையில் இருக்கும் மோட்டாரை வீட்டில் இருந்தபடியே செல்போனில் ஓட்டவும் நிறுத்தவும் அது உதவும். அதற்குள் ஒரு சிப், அந்தச் சிப்புக்குள் நாங்கள் எழுதிய நிரல். மூன்று ஃபேஸ் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியாத ஊர் இது. அதனால் எல்லோரும் பெட்டியை 'ஆட்டோ'வில்தான் வைப்பார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும், மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, தண்ணீர் பாயும், விவசாயி கட்டிலில் புரண்டு படுக்கலாம்.

மோட்டாரில் ஏதாவது வேலை பார்க்க வேண்டுமென்றால் பூட்டுப் போட வேண்டும். பெட்டிக்குப் போன் செய்து ஓர் எண்ணை அழுத்தினால் 'மோட்டார் பூட்டப்பட்டது' என்று பெட்டி பேசும். அந்தக் குரல் என்னுடையது. வெளியில் ஆள் வைத்துப் பேச வைக்க மனம் வராத முதலாளி, ஃபேனை நிறுத்திவிட்டு என்னையே பேசச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார். அந்தப் பூட்டு விழுந்த பிறகு கரண்ட் வந்தாலும், போய்த் திரும்பி வந்தாலும், நூறு தடவை விளையாடினாலும் மோட்டார் ஓடக்கூடாது. ஏனென்றால் அந்த நேரத்தில் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒருவருடைய கை இருக்கும்.

அந்தக் கை பெரும்பாலும் பாயுடைய கை. பாய் கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடா நாட்டில் பல வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டுத் திரும்பியவர். எங்கள் பெட்டிகளை ஊர் ஊராகக் கொண்டுபோய் மாட்டுவதும், பழுது பார்ப்பதும், விவசாயிகளிடம் வசவு வாங்குவதும் அவர் வேலை. நாங்கள் மேலே ஃபேன் காற்றில் உட்கார்ந்து எழுதியதற்கெல்லாம் கீழே வெயிலில் நின்று பதில் சொன்னவர் அவர்தான். ஒவ்வொரு முறை புதிய பெட்டிகளை எடுக்க வரும்போதும் என் மேஜைக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்.

"மேடம், இந்த லாக்க நம்பி கைய வெக்கலாமா?"

"தாராளமா வைங்க பாய்" என்பேன்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

இனி என் சீனியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் பெட்டிக்கு நிரல் எழுதியவர் அவர்தான். அந்த ஒரு காரியத்தின் மேல் ஏறி உட்கார்ந்தவர், அதற்கப்புறம் கீழே இறங்கவே இல்லை. அவருக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருந்தால், அது உலகத்துக்குத் தேவையில்லாத விஷயம். யார் எந்தக் கோப்பை எப்போது மாற்றினார்கள் என்று பதிவாகும்படி ஓர் ஏற்பாடு செய்யலாம் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கேட்டேன். "ரெண்டு பேரு இருக்கற எடத்துல அதெல்லாம் எதுக்கும்மா? எல்லாம் என் தலைக்குள்ள இருக்குது" என்றார். அந்தத் தலைக்குள் என்ன இருந்தது என்பதை நான்கு வருடமாகத் தேடினேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

நாங்கள் எழுதும் நிரலைச் சிப்புக்குப் புரியும் ஒற்றை ஃபைலாக மாற்றுவதை பில்ட் என்போம். உலகத்தில் மற்ற இடங்களில் ஒரே நிரலை எந்தக் கம்ப்யூட்டரில் பில்ட் செய்தாலும் ஒரே ஃபைல்தான் வர வேண்டும் என்று மெனக்கெடுவார்கள். எங்கள் இடத்தில் அதற்கு நேர்மாறான மரபு. ஜன்னலோரம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. முதன்முதலாக விற்றுத் தீர்ந்த பெட்டிக்கு பில்ட் அதில்தான் நடந்ததாம். அதனால் அது ராசியான கம்ப்யூட்டர். அதற்கு நெற்றியில் சந்தனம், குங்குமம். வெள்ளிக்கிழமை தவறாமல் ஊதுபத்தி. அதை அணைக்கக்கூடாது, வேறு எதையும் அதில் நிறுவக்கூடாது, முக்கியமாகப் பெண்ணாகிய நான் அதில் கைவைக்கும்போது சீனியர் பின்னால் நிற்க வேண்டும். விற்பனைக்குப் போகும் எந்த பில்ட்டும் அந்தத் தெய்வத்தின் வயிற்றிலிருந்துதான் வர வேண்டும்.

அதற்குள் இருந்த ஃபோல்டர்களின் பெயர்களை இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. 'ஃபைனல்' என்று ஒன்று. 'ஃபைனல் புதுசு' என்று ஒன்று. 'ஃபைனல் ஒரிஜினல்', 'ஃபைனல் கரெக்ட்டு'. கடைசியாக 'இதுதான்' என்று ஒன்று. அதற்குப் பக்கத்திலேயே 'இதுதான் 2'. நான் என் லேப்டாப்பில் எழுதியதைப் பென்டிரைவில் கொடுப்பேன். அதை எந்த 'இதுதானு'க்குள் போடுவது என்று சீனியர் ஒரு நிமிடம் கண்ணை மூடி யோசிப்பார். பிறகு போடுவார்.

சோதிப்பது என்று ஒன்றும் நடந்தது. ஒரு பலகையில் மூன்று குண்டு பல்புகள். மோட்டாருக்குப் பதிலாக அவை. பெட்டியை மாட்டிப் போன் செய்தால் பல்பு எரிய வேண்டும். எரிந்தால் பாஸ். முதலாளி பல நாள் தானே வந்து நின்று பார்ப்பார். அவர் மோட்டார் வைண்டிங் கடை வைத்து மேலே வந்தவர். காப்பர் கம்பியைத் தொட்டே அதன் தடிமன் சொல்லுவார், அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணுக்குத் தெரியாத எதையும் அவர் நம்பியதில்லை, நிரலையும் சேர்த்து. பல்பு எரிந்ததும், கிரகப்பிரவேசத்தில் பால் பொங்கியதைப் பார்த்தவர் போல முகம் மலரும். எரிய வேண்டியது எரிகிறதா என்று மட்டும்தான் இவர்கள் பார்த்தார்கள். எரியக்கூடாத நேரத்தில் எரியாமல் இருக்கிறதா என்று பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அணைந்த பல்பை நின்று பார்த்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை?

எனக்கு இருந்தது. கரண்டைச் சேர்த்துத் துண்டிக்கும் ரிலேக்கள், பழைய பெட்டிகளிலிருந்து கழற்றியவை, எனக்கே உதவாமல் கிடந்த ஒரு பழைய லேப்டாப், கடையில் வாங்கிய ஒரு பிளைவுட் பலகை. ஒரு மாதம் மதியச் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து ஒரு சோதனைப் பலகையைக் கட்டினேன். அது தானாகவே பெட்டிக்குப் பூட்டுப் போடும், கரண்டைத் துண்டிக்கும், திரும்பக் கொடுக்கும், பல்பு எரிகிறதா என்று பார்க்கும். எரியாவிட்டால் திரையில் பச்சை. எரிந்துவிட்டால் சிவப்பு. இப்படி இருநூறு தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கணத்தில் கரண்டைத் துண்டித்து, யாரும் பக்கத்தில் இல்லாமலே செய்யும். ஒரு பச்சை என்றால் இருநூறு தடவையும் பல்பு அடங்கிக் கிடந்தது என்று அர்த்தம். நாள் முழுக்க டக் டக் என்று சத்தம் போடும். முதலாளி அதற்கு 'மேடம் கச்சேரி' என்று பெயர் வைத்தார்.

கச்சேரி தொடங்கிய முதல் வாரமே சிவப்பு வந்தது. முப்பது நாற்பது தடவைக்கு ஒரு தடவை, பூட்டியிருந்தும் பல்பு பளிச்சென்று எரிந்தது.

சீனியர் எட்டிப் பார்த்தார். "உன் பலகைல ரிலே ஒட்டிக்கினு இருக்கும்மா" என்றார்.

ரிலேயை மாற்றினேன். சிவப்பு.

"அப்ப ஒயரு லூசா இருக்கும்."

ஒயரை மாற்றினேன். சிவப்பு.

"அதுக்குத்தான் சொன்னேன், இந்தப் பலகையெல்லாம் வேணாம்னு. நல்லா ஓடிக்கினு இருந்த பெட்டி."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் சீனியர் ஆடவும் மாட்டார், கூடத்தையும் இடிக்கச் சொல்லுவார். முதலாளியின் கவலையோ வேறு. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்ளோ செவப்பு வேணாம்மா, காலங்காத்தால பாக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்குது. மஞ்சளா மாத்திடேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தவறு எங்கே என்று நானே கண்டுபிடித்தேன். கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும், தான் பூட்டியிருக்கிறதா, ஆட்டோவில் இருக்கிறதா என்பதைப் பெட்டி தன் நினைவில் எழுதி வைக்கும். எழுதி முடிப்பதற்குள் உயிர் போய்விட்டால் பாதிதான் எழுதியிருக்கும். கரண்ட் திரும்பி வரும்போது அந்தப் பாதி எழுத்தைப் படித்துப் பார்க்கும், ஒன்றும் விளங்காது, சரி ஓட்டிவிடலாம் என்று முடிவெடுக்கும். விளங்காவிட்டால் ஓட்டு என்பது சீனியர் எழுதி வைத்த விதி. அவருடைய மற்ற காரியங்களும் அந்த விதிப்படிதான் நடந்தன.

நான் அதைத் திருத்தினேன். இரண்டு இடத்தில் எழுது, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் நம்பு, கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் ஓட்டாதே. இவ்வளவுதான். என் லேப்டாப்பிலேயே பில்ட் செய்து சிப்பில் ஏற்றி, இரண்டு நாள் முழுக்கப் பலகையில் ஓடவிட்டேன். பச்சையைத் தவிர வேறு நிறம் வரவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. விழுப்புரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தபோதும் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் என் லேப்டாப்பில் செய்த பில்ட் விற்பனைக்குப் போக முடியாதே. தெய்வம் ஜன்னலோரம் இருக்கிறது. அதோடு நாளும் பார்க்க வேண்டும். முதலாளி பௌர்ணமி தவறாமல் திருவக்கரைக்குப் போவார். புதிய பில்ட் எதுவானாலும் பௌர்ணமி அன்றைக்கு முற்பகலில் பென்டிரைவில் ஏறி, அவர் சட்டைப் பையில் உட்கார்ந்து, அம்மன் காலடிக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் பெட்டிகளில் ஏறும். அம்மன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஜனம் நம்பிப் போய் நிற்கும் இடம், நானும் நின்றிருக்கிறேன். ஆனால் அந்தப் பென்டிரைவுக்குள் என்ன இருக்கிறது என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

அந்தப் பௌர்ணமி அன்றைக்கு ராசியான கம்ப்யூட்டரில் சீனியர் பில்ட் செய்து ஃபைலைக் கொடுத்தார். பலகையில் ஏற்றினேன். அவசரத்துக்கு ஐம்பது தடவை மட்டும் ஓடும்படி வைத்தேன். கீழே முதலாளியின் கார் ஓடிக்கொண்டே நின்றது.

சிவப்பு.

எனக்கே புரியவில்லை. இரண்டு நாள் பச்சையாக ஓடிய நிரல் அது. சீனியர் கைகட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. "நான்தான் சொன்னேனேம்மா, பலகைலதான் கோளாறு. இன்னொரு வாட்டி ஓட்டு."

ஓட்டினேன். மறுபடி சிவப்பு.

முதலாளி மேலே வந்துவிட்டார். "என்னம்மா பேஜாரு இது, ராகு காலம் வந்துடும். ஜல்தியா குடுங்க" என்றார். சீனியர் அவரைச் சமாதானப்படுத்தினார். "ஒண்ணும் இல்ல சார். மூணு வாட்டில ஒரு வாட்டி பச்ச வந்தா பாஸுன்னு வெச்சிக்கலாம். அந்த மாதிரி பலகைலயே எழுதிடும்மா, ஒவ்வொரு தபாவும் நின்னுக்கினு இருக்க வேணாம்."

எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தைத் தொடங்கலாமா வேண்டாமா என்று கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். எது வருகிறதோ அது உத்தரவு. எழுத்தறியாத கிழவன்கூட, நினைத்த பூ வரவில்லையென்றால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவான். வெள்ளை வரும்வரை பொட்டலத்தைக் குலுக்கிக்கொண்டிருந்தால் பூசாரி வெளியே பிடித்துத் தள்ளிவிடுவார். சாமியிடம் காட்டும் அந்தக் குறைந்தபட்ச மரியாதையைக்கூட இவர்கள் ஒரு சோதனைக்குக் காட்டவில்லை.

இதையெல்லாம் அன்றைக்கு நான் மனத்துக்குள்தான் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமில்லை, அந்த வரியை எழுதியதும் நான்தான். மூன்று தடவை ஓட்டு, ஒன்று பச்சையானாலும் பச்சை என்று காட்டு. நாலைந்து சொற்கள், ஒரு நிமிட வேலை. என் திருத்தம் உள்ளே இருக்கிறது, இரண்டு நாள் பார்த்துவிட்டேன், இது ரிலேயின் கோளாறாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உண்மையான காரணம் அதுவும் இல்லை. இந்தக் கூட்டத்துக்கு இது போதும் என்ற எண்ணம்தான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? நான் ஏன் மெனக்கெட வேண்டும்? இவர்கள் தகுதிக்கு இந்தப் பச்சையே அதிகம் என்று நினைத்து அந்த வரியை எழுதினேன்.

மூன்றாவது ஓட்டத்தில் பச்சை வந்தது. முதலாளி பென்டிரைவோடு கிளம்பினார். மறுநாள் பன்னிரண்டு பெட்டிகளில் அந்தப் பில்ட் ஏறியது. பாய் வந்து அட்டைப்பெட்டிகளை வண்டியில் கட்டிவிட்டு, மேலே ஏறி வந்து கேட்டார்.

"புதுசாமே. லாக்க நம்பி கைய வெக்கலாமா மேடம்?"

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வைங்க பாய். பாஸ் ஆயிருக்குது."

மூன்றாம் நாள் மதியம். வேலை ஒன்றும் இல்லை. சீனியர் நாற்காலியில் தலையைச் சாய்த்து அடுத்த கண்டுபிடிப்புக்காகக் கண்ணை மூடியிருந்தார். என் லேப்டாப்பில் இருந்த பில்ட்டையும் பெட்டிகளில் ஏற்றிய பில்ட்டையும் சும்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே நிரலிலிருந்து வந்த இரண்டு ஃபைல்கள், ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. எழுந்து போய் ராசியான கம்ப்யூட்டரைத் திறந்தேன். சீனியர் என் திருத்தத்தை 'இதுதான் 2'க்குள் போட்டிருந்தார். கம்ப்யூட்டர் பில்ட் செய்தது 'இதுதானை'. நான் திருத்திய ஒரு வரிகூட அந்தப் பன்னிரண்டு பெட்டிகளுக்குள் போகவில்லை. பலகை அன்றைக்கு இரண்டு தடவை உண்மையைச் சொன்னது. மூன்றாவது தடவை அதன் வாயை அடைத்தது நான்.

மூன்று தடவை என்ற வரியை எடுத்துவிட்டு அந்த பில்ட்டை மறுபடி ஓட்டினேன். எட்டாவது தடவையிலேயே பல்பு எரிந்தது.

"பாய் இன்னிக்கு எங்க?" என்று கேட்டேன்.

சீனியர் கண்ணைத் திறந்தார். "கிளியனூர் பக்கம். போர்த் தண்ணி எடுக்கற கம்ப்ரஸர்ல பெல்ட்டு அறுந்துடுச்சாம். புதுப் பெட்டி மாட்டன எடம்தான். ஏன்?"

சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அன்னிக்கு மூணாவது வாட்டி பாஸ் ஆச்சே" என்றார். அந்த முகத்தில் சாணியை எறிய வேண்டும் போலிருந்தது. அதற்கு நேரமில்லை. பாய்க்குப் போன் செய்தேன். முழுக்க அடித்து நின்றது. மறுபடி செய்தேன். கைகள் மோட்டாரில் இருக்கும்போது ஒருவர் எப்படிப் போனை எடுப்பார் என்று அப்போதுதான் தோன்றியது. முதலாளிக்குப் போன் செய்தால், "பதட்டப்படாதம்மா, அம்மன் கால்ல வெச்சி எடுத்த பெட்டி" என்றார்.

மேம்பாலத்தடியில் புதுச்சேரி பஸ் கிடைத்தது. கிளியனூர் வரைக்கும் நான் செய்ததெல்லாம் பாய்க்குத் திரும்பத் திரும்பப் போன் செய்ததுதான். நடுவில் கூட்டேரிப்பட்டுப் பக்கம் மழை பெய்கிறதாம், கரண்ட் போய்ப் போய் வருகிறதாம் என்று முன் சீட்டில் யாரோ போனில் பேசிக்கொண்டு வந்தார். அந்த ஆளின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. பாயுடைய கைகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அட்டைப்பெட்டிகளைக் கட்டும்போது கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து, இரண்டு விரலில் ஒரு முடிச்சுப் போடுவார். அந்த இரண்டு விரலும் இருக்குமா? நான்கு வருடமாக நான் வெறுத்த இரண்டு பேரும் ஃபேனுக்கடியில் பத்திரமாக இருந்தார்கள். அவர்களை இளப்பமாக நினைத்து நான் எழுதிய வரி, அவர்களைத் தொடாமல் இவர் மேல் போய் விழுந்திருக்கிறது.

ரோட்டிலிருந்து இறங்கி வழி கேட்டு, வரப்பில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். மல்லாட்டைக் கொல்லைக்கு நடுவில் ஒரு சிமெண்ட் ஷீட் கொட்டகை. பாயுடைய வண்டி வெளியே நின்றது. உள்ளே அவர் குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கம்ப்ரஸரின் பெல்ட்டுக்குள் விட்டிருந்தார். சுவரில் எங்கள் பெட்டி. கரண்ட் இல்லை, அதில் விளக்கு எரியவில்லை.

"பாய், கைய எடுங்க!" என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு வினாடி, இரண்டு, மூன்று. உள்ளே 'டக்' என்று ரிலே விழுந்தது, அதைத் தொடர்ந்து மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் கான்டாக்டர் 'டம்' என்று அடித்தது. பூட்டு போய்விட்டது. மோட்டாரை ஓட்டச் சொல்லி எங்கள் பெட்டி கட்டளை கொடுத்துவிட்டது.

மோட்டார் ஓடவில்லை. பெல்ட் அசையவில்லை. பாய் கையைக்கூட எடுக்கவில்லை.

"இன்னாம்மா, இவ்ளோ தூரம்?" என்றார். "ஒக்காருங்க, மூஞ்செல்லாம் வேத்துப் போயிருக்குது."

பெட்டியைக் காட்டினேன். அவர் ஒரு கையை வெளியே எடுத்து, கிரீஸ் படாமல் புறங்கையால் சட்டைப் பையை விலக்கிக் காட்டினார். உள்ளே மூன்று வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கேரியர்கள். பெட்டிக்கு வரும் லைனை விட்டுவிட்டு, மோட்டாருக்குப் போகும் லைனிலிருந்து மட்டும் பிடுங்கி வைத்திருக்கிறார். பெட்டி என்ன கட்டளை கொடுத்தாலும் மோட்டாருக்குப் போக அங்கே கரண்ட் இல்லை.

"பூட்டு போயிடும்னு உங்களுக்குத் தெரியுமா பாய்?"

"தெரியுமே. பழைய பெட்டிலயும் இந்த மாதிரி போவும். இதுலயும் அப்படியேதான் போவுது."

"ஆபீஸ்ல சொல்லலியா?"

"சொன்னேனே. ரெண்டு தபா உங்க சீனியரு கிட்ட சொன்னேன். அடுத்த தபா உங்க கிட்டயே சொன்னேன். 'ஒயரிங்ல எதுனா தப்பா குடுத்திருப்பீங்க பாய்'னு சொன்னீங்க." குரலில் கோபம் இல்லை. நேற்று மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னார்.

எனக்கு நினைவுக்கு வந்தது. பலகை கட்டுவதற்கு முந்தைய வருடம். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்துக்கொண்டே அந்தப் பதிலைச் சொன்னேன். அவரைப் பற்றி ஒரு நாளும் இளப்பமாக நினைத்ததில்லை என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான்.

"கல்ஃப்ல நான் வேல பாத்த கம்பெனில ஒரே சட்டம்மா" என்றார். "பெட்டி சொல்றது, சூப்பர்வைசர் சொல்றது, எதையும் நம்பி கைய வெக்கக்கூடாது. ஃப்யூஸு என் பாக்கெட்ல இருக்குதா, அப்ப வெக்கலாம். வந்த நாள்லேர்ந்து அப்படித்தான் பண்ணிக்கினு இருக்கேன். உங்க லாக்க நம்பி நான் ஒரு நாளும் கைய வெச்சதில்ல."

பெல்ட்டை இழுத்துச் சக்கரத்தில் ஏற்றினார். பத்து விரலும் இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு, எனக்குப் புரியாத ஒரே விஷயத்தைக் கேட்டேன்.

"நம்பவே இல்லன்னா, அப்புறம் ஏன் பாய் ஒவ்வொரு தடவையும் மேல ஏறி வந்து என்னக் கேட்டீங்க?"

பாய் கையைத் துணியில் துடைத்தார். ஃப்யூஸ் கேரியர்களைப் பையிலிருந்து எடுத்து எண்ணிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆபீஸ்ல மூணு பேரு இருக்கீங்க. ஒருத்தராச்சும் 'எனக்குத் தெரியல பாய், பாத்துட்டு சொல்றேன்'னு சொல்றீங்களான்னு பாத்துக்கினு இருந்தேம்மா."

நான்கு வருடத்தில் அந்த அலுவலகத்து ஆட்களை எண்ணும்போதெல்லாம் என்னை விட்டுவிட்டு இரண்டு பேர் என்றுதான் எண்ணியிருக்கிறேன்.